பிள்ளையாருக்காகப் பிடுங்கிய ஸ்டீயரிங்

அல்சூர், பெங்களூரு
புதன்கிழமை

சிரஞ்சீவி ரகுராமுக்கு அம்மா அநேக ஆசீர்வாதங்களோடு எழுதுவது. பிள்ளையார் சுழி போட்டுத்தான் இதையும் தொடங்கியிருக்கிறேன், அவர் பெயரைச் சொல்லித்தானே நீயும் அங்கே இத்தனை அமர்க்களம் பண்ணி வைத்திருக்கிறாய். இங்கே நானும் அப்பாவும் க்ஷேமம். அங்கே நீ, நிருபமா, குழந்தை ஷ்ரேயாஸ் மூவரும் க்ஷேமமா என்று எப்போதும் கேட்பேன், இந்தத் தடவை கேட்கிற மனநிலையில் இல்லை, க்ஷேமமாக இருந்தே தீர வேண்டும் என்று உத்தரவு போடுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்ததுமே "அம்மா, மீட்டிங் வந்துடுத்து" என்று வைத்துவிடுகிறாய், ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங் நடத்துகிற கம்பெனி உலகத்திலேயே உன்னுடையது ஒன்றுதான் போலிருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் தங்கை ஸ்ரீவித்யா எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸிலிருந்து வந்து சேர எத்தனை நேரமானாலும் இன்றைக்கே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது, உட்கார்ந்து முழுக்கப் படி.

அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறார். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது, சதுர்த்திக் கொழுக்கட்டையை அவர் கண்ணில் படாமல் வைக்க நான் பட்ட பாடு தனிக் கதை. உன் படகு வீடியோ நம் குடும்ப குரூப்பில் வந்த அன்றைக்கு முதலில் கும்பிடும் கை பொம்மை போட்டது அவர்தான். பின்னாலேயே உன் சித்தப்பா, மைசூர் அத்தை, அவள் சம்பந்தி வரைக்கும் வரிசையாகக் கும்பிட்டார்கள், எங்கேயோ அமெரிக்காவில் இருந்தும் என்ன பக்தி, என்ன சிரத்தை என்று ஒரே புகழ்ச்சி. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. உன் அப்பா என்னைப் பார்த்து, "கொழந்த ஏதோ பக்தியா பண்றான், நீ எதுக்கு மூஞ்சிய தூக்கி வெச்சுண்டிருக்கே" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு காபிக்கும் மாத்திரைக்கும் மட்டும்தான்.

நீ செய்ததையே உனக்குத் திரும்ப எழுதுகிறேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் பைலில் எழுதுகிற மாதிரி எழுதிப் பார்த்தால்தான் அது எத்தனை அசட்டுத்தனம் என்று உனக்கு உறைக்கும். மீன் பிடிக்க என்று செகண்ட் ஹாண்டில் ஒரு படகு வாங்கினாய். நம் வம்சத்தில் மீனைத் தட்டில் கூடப் பார்த்தவர் கிடையாது, பிடித்துவிட்டுத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுகிறேன் என்றாய், அப்படியானால் அந்த மீன் உன்னை என்னடா பண்ணிற்று என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். படகின் நடுவில் ஒரு பெட்டி, அதில் ஸ்டீயரிங் சக்கரம், பக்கத்தில் வேகம் கூட்டுகிற லீவர், பின்னால் பெரிய மோட்டார், நீ நடுவில் நின்றுகொண்டு ஓட்டுவாய். போன வருஷம் உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துப் பிள்ளையாரை அந்தப் படகின் முன்பக்கம் வைத்து ஏரி நடுவில் கொண்டுபோய்க் கரைத்தீர்கள். கரைக்கு வந்ததும் சங்கத்தில் விழா வேலையெல்லாம் பார்க்கிற ஜெயலட்சுமி, பிள்ளையார் உட்கார்ந்திருக்க அவருக்குப் பின்னால் அவரை விட உயரத்தில் ஷூக் காலோடு நின்று ஓட்டுவது அபசாரம் இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டாளாம். அந்த ஒரு வார்த்தைக்காக இந்த வருஷம் நீ அந்தப் பெட்டியையே வேரோடு பிடுங்கி, சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே பெரிய மோட்டாரில் ஒரு நீளக் கைப்பிடியை மாட்டி, பின்னால் கீழே உட்கார்ந்து அதைக் கையால் தள்ளித் தள்ளித் திருப்புகிற மாதிரி மாற்றிவிட்டாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை கரைக்கப் போகும்போது நடுவில் மணை போட்டுப் பிள்ளையார், சுற்றிலும் ஜனங்கள், அவருக்குக் கீழே அடக்க ஒடுக்கமாக நீ. கைப்பிடிக்குச் சந்தனம் குங்குமம் வேறே.

ஏன்டா, இன்ஜினீயரிங் படித்தவன்தானே நீ? நாலடிப் பிள்ளையாரை நடுவில் உட்கார வைத்தால், பின்னால் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிற உனக்கு எதிரே என்ன தெரியும்? அவர் முதுகு தெரியும். எதிரே இன்னொரு படகு வந்தாலும், நீந்துகிற பிள்ளைகள் இருந்தாலும், பிள்ளையார் திரும்பி உனக்குச் சொல்லப் போகிறாரா? இங்கே அல்சூர் ஏரிக்கரைக் கல்யாணிக் குளத்தில் போய்ப் பார், பெரிய பிள்ளையாரையெல்லாம் கிரேன் வைத்துத்தான் தண்ணீரில் இறக்குகிறார்கள். கிரேன் ஓட்டுகிறவன் அவருக்கு மேலே பனைமர உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, வாயில் பான் பராக்கோடு, "ஹிந்தே ஹோக்ரி, ஹிந்தே ஹோக்ரி" என்று எல்லோரையும் பின்னால் தள்ளி நிற்கச் சொல்கிறான். அவனைச் சுவாமி ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவனுக்கு எதிரே இருப்பது தெரிகிறது, அதனால் யார் தலையிலும் எதுவும் விழவில்லை, அவ்வளவுதான்.

உனக்கு ஒன்றும் தெரியாது அம்மா, இது லோக்கல் லேக் என்று மெசேஜில் எழுதினாய். அந்தப் படகு செய்த கம்பெனியின் கையேடு நெட்டிலேயே கிடக்கிறது, நானே தேடி எடுத்துப் படித்தேன். ஆயுசு முழுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் க்ளெய்ம் பார்த்தவளுக்கு ஒரு கையேடு படிக்கவா வராது. சக்கரம் வைத்து ஓட்டினால் இத்தனை ஹெச்.பி. மோட்டார் வரை போடலாம், கைப்பிடி வைத்து ஓட்டினால் அதில் பாதிக்கு மேல் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. சக்கரம் இருந்தால் மோட்டாரின் உதறலைக் கேபிளும் பெட்டியும் வாங்கிக்கொள்ளும், கைப்பிடியில் அத்தனையும் உன் ஒரு கை தாங்க வேண்டும், கை நழுவினால் மோட்டார் தானாகத் திரும்பிப் படகையே சுழற்றி உள்ளே இருப்பவர்களை வெளியே வீசிவிடும். உன் படகில் இருப்பது அந்த முழு மோட்டார். இத்தனை பேர் ஏறலாம், இவ்வளவு பாரம் தாங்கும் என்று உள்ளே ஒட்டியிருக்கிற தகட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, பார் எல்லாம் லிமிட்டுக்குள்தான் என்று வாதாடினாய். அந்தத் தகடு அவர்கள் செய்து கொடுத்த படகுக்கு ஒட்டியது. நீ வெட்டிக் குதறிய படகுக்கு யார் தகடு ஒட்டினார்கள், நீயா?

இதெல்லாம் புத்தகத்தில் படித்தது, நடந்ததைச் சொல்கிறேன். நீ குரூப்பில் போட்ட வெள்ளோட்ட வீடியோவில் நீ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய், உன் சிநேகிதன் அச்யுத் முன்னால் உட்கார்ந்து "கணபதி பப்பா" என்று கத்துகிறான், நீ கேமராவுக்குக் கையை ஆட்டுகிறாய், அதோடு வீடியோ நின்றுவிடுகிறது. கும்பிட்டவர்கள் யாரும் கவனிக்கவில்லை, ஆனால் கடைசியில் அரை நொடி ஒரு அலறல் கேட்கிறது. எத்தனை க்ளெய்மில் எத்தனை வீடியோ பார்த்திருக்கிறேன், எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதானே என் வேலையாக இருந்தது. நிருபமாவைக் கூப்பிட்டேன். முதலில் ஒன்றும் இல்லை அம்மா, ஒன்றும் இல்லை அம்மா என்றாள். அப்புறம் அழுதாள். நீ கையை ஆட்டுவதற்காகக் கைப்பிடியை விட்டாய், படகு பம்பரம் மாதிரி சுழன்றது, அச்யுத் தண்ணீரில் விழுந்தான். ஓட்டுகிறவன் விழுந்தால் மோட்டாரை நிறுத்துவதற்கு ஒரு சிவப்புக் கயிறு உண்டாமே, இடுப்பில் மாட்டிக்கொள்வது, அந்த சுவிட்சு நீ பிடுங்கிப் போட்ட பெட்டியில் இருந்ததாமே. நீ எப்படியோ மோட்டாரை அணைத்து அவனை இழுத்துப் போட்டாய். அவனுக்குத் தோளில் காயம். அவன் நீந்தத் தெரிந்தவன், பகவான் புண்ணியம். இத்தனையும் நடந்த பிறகு முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்துக் குடும்பத்துக்கு அனுப்பி ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறாய். பெற்றவள் பொங்கிப் போகாமல் என்ன செய்வாள் சொல்.

சட்டத்தில் எங்கேயும் தடை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாய். அந்த மோட்டார் அளவு விதியெல்லாம் படகு செய்கிற கம்பெனிக்குத்தான், சொந்தக்காரனுக்கு இல்லை என்று ஏதோ பேஸ்புக் குழுவில் எவனோ எழுதியிருக்கிறானாம். உங்கள் ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியாது, அவன் சொன்னது சரியாகவே இருக்கட்டும். போலீஸ் உன்னைப் பிடிக்குமா என்பது ஒரு கேள்வி, உன் படகில் ஒருவர் செத்தால் யார் பதில் சொல்வது என்பது வேறே கேள்வி, நீ முதல் கேள்விக்கே பதில் தேடிக்கொண்டிருக்கிறாய். இன்ஷூரன்ஸ்காரர்களிடம் மாற்றியதைச் சொன்னாயா என்று கேட்டால், "கேட்டா சொல்லிக்கலாம்மா" என்கிறாய். அவர்கள் ஒன்றும் ஆகாத வரைக்கும் கேட்கவே மாட்டார்கள், ஆன பிறகு முதல் கேள்வியே அதுதான். அடுத்ததாக நீ சொன்னது இதையெல்லாம் விட மோசம். ஏறுகிற ஒவ்வொருவரிடமும், என் இஷ்டத்துக்குத்தான் வருகிறேன், எது நேர்ந்தாலும் ரகுராம் பொறுப்பில்லை என்று கையெழுத்து வாங்கிவிடுகிறாயாம். குழந்தைகளுக்கு யார் போடுவார்கள்? ஷ்ரேயாஸுக்கு நீயே போடுவாயா? என் படகில் என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் என் மேல் நான் கேஸ் போட மாட்டேன் என்று உனக்கு நீயே எழுதிக் கொடுத்து, நீயே வாங்கி வைத்துக்கொள்வாயா? கையெழுத்து வாங்கத் தோன்றுகிறது பார், அங்கேயே உனக்கு உள்ளே தெரிந்திருக்கிறது இது சரியில்லை என்று. தெரிந்துதான் ஏற்றப் போகிறாய்.

நான் க்ளெய்ம் பார்த்த நாளில் அத்திபெலேயில் கணேசமூர்த்தி என்று ஒருவர் இருந்தார், காய்கறி ஏற்றுகிற வண்டி வைத்திருந்தார், தங்கமான மனுஷர். ஆடி மாதம் தன் தெருப் பெண்களையெல்லாம் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று வண்டியின் பின்பக்கத்தில் பெஞ்சு அடித்து, மேலே தார்ப்பாய் கட்டி, வேப்பிலை தோரணம் கட்டிக் கிளம்பினார். ஹோசூர் போகிற வழியில் திருப்பத்தில் வண்டி சாய்ந்தது, ஒரு தாயும் அவள் பெண்ணும் அங்கேயே போய்விட்டார்கள். சரக்கு வண்டி, ஆட்களை ஏற்ற அமைப்பை மாற்றியிருக்கிறார், கம்பெனிக்குச் சொல்லவில்லை, பணம் கிடையாது என்று எங்கள் கம்பெனி சொல்லிவிட்டது. கோர்ட் வராந்தாவில் என்னைப் பார்த்துக் கையைக் கூப்பிக்கொண்டு, "நல்ல காரியத்துக்குத்தானே மேடம் கூட்டினு போனேன், யார் கிட்டயும் ஒரு பைசா வாங்கலியே மேடம்" என்று கேட்டார். நான் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோர்ட்டுக்குள் போனேன். அவருக்கு வீடு போயிற்று, அது கூடப் பெரிதில்லை. செத்துப்போனவளின் புருஷன் அவருக்கு எதிர் வீடு. காலையில் கதவைத் திறந்தால் அந்த முகத்தில்தான் விழிக்க வேண்டும். கொஞ்ச நாளில் ஊரை விட்டே போய்விட்டார். அவர் முகம்தான் உன் வீடியோவைப் பார்த்ததிலிருந்து என் கண்ணில் நிற்கிறது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பாய், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒன்று, பெட்டியையும் சக்கரத்தையும் தெரிந்த மெக்கானிக்கை வைத்துத் திரும்பப் பொருத்து. இல்லை, கைப்பிடிதான் வேண்டும் என்று உனக்குப் பிடிவாதமாக இருந்தால் கையேட்டில் சொன்னபடி சின்ன மோட்டார் போட்டு, அந்தச் சிவப்புக் கயிற்றுக்கு சுவிட்சு வைத்து, தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுக்கட்டும். எதைச் செய்தாலும் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு எழுத்தில் தெரிவி, அவர்கள் சரி என்று எழுத்தில் சொல்லும் வரை படகு கரையிலேயே கிடக்கட்டும். பண்டிகை முடிந்ததும் இதை அச்யுத்துக்கே விற்றுவிடுகிறேன் என்று நிருபமாவிடம் சொன்னாயாமே, விற்பதென்றால் என்னென்ன கழற்றினாய், என்னென்ன மாட்டினாய் என்று ஒன்று விடாமல் சொல்லி விற்க வேண்டும், கை மாறியதும் பொறுப்பும் கை மாறிவிட்டது என்று நினைக்காதே. அப்புறம் மிதவை ஜாக்கெட். பட்டு வேஷ்டி, பட்டுப் புடவை மேலே ஆரஞ்சு ஜாக்கெட் போட்டால் போட்டோ நன்றாக இருக்காது என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்களாம். இதற்கு மேல் எழுதினால் வாயில் நல்ல வார்த்தை வராது.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். படித்ததும் நீ குதிப்பாய், நன்றாகக் குதி. நேற்றைக்கு ஜெயலட்சுமிக்குப் போன் பண்ணினேன். நம்பரை நிருபமா கொடுக்கவில்லை, உங்கள் சங்கத்து அழைப்பிதழிலேயே இருந்தது. நான் ரகுராமின் அம்மா கோமளம், பெங்களூரிலிருந்து பேசுகிறேன், வருகிற ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளையின் படகில் யாரும் ஏறக் கூடாது, அது ஆள் ஏற்ற லாயக்கில்லாத படகு, பெற்றவள் நானே சொல்கிறேன் என்றேன். அச்யுத் விழுந்ததையும் சொன்னேன். அவளுக்கு அது வரைக்கும் தெரியாது. அப்புறம் "மாமி, நான் ஏதோ வாய் தவறி ஒரு வார்த்த சொன்னேன், அதுக்காக அவர் படகையே பிரிச்சுப் போடுவார்னு நான் கண்டேனா" என்றாள். பாவம், நல்ல பெண்தான். கரையில் மரப்பாலத்தை ஒட்டியே இறங்கிக் கரைத்துவிடுகிறோம், எல்லோருக்கும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றாள். ஆக இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உங்கள் சங்கம் முழுக்கத் தெரிந்திருக்கும். என் மானத்தை வாங்கிவிட்டாயே அம்மா என்பாய். வாங்கினேன், தெரிந்துதான் வாங்கினேன்.

நிருபமாவை ஒரு வார்த்தை சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை குழந்தையை அதில் ஏற்றுவாயா என்று அவளைக் கேட்டேன். "அவர் ஏத்துன்னா நான் எப்படிம்மா மாட்டேன்னு சொல்றது, அத்தனை பேர் எதிர்ல" என்றாள். அதைக் கேட்டதும்தான் உன் மேல் எனக்கு உண்மையான கோபம் வந்தது. படகு கெட்டுப் போனால் மாற்றலாம். சொந்தப் பிள்ளையை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று சொல்ல உன் பெண்டாட்டிக்கு உன்னிடம் வாய் வரவில்லை என்றால் அதை எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோவாய்? அவள் சொல்ல முடியாததை நான் சொல்லிவிட்டேன். கோபமெல்லாம் என் மேலேயே இருக்கட்டும், போனை எடுக்காமல் இருக்க வேண்டுமானால் தீபாவளி வரைக்கும் இருந்துகொள், எனக்கு அது பரவாயில்லை.

தீர்க்காயுசாக, சௌக்கியமாக, கொஞ்சம் புத்தியோடும் இரு. நிருபமாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். அச்யுத்தைத் தோளை டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்கச் சொல், சும்மா தைலம் தேய்த்துவிட்டு விடாதே. ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். வீட்டுச் சின்னப் பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டு படகில் போகலாம் என்று ஷ்ரேயாஸிடம் ஆசை காட்டி வைத்திருக்கிறாயாம், ஞாயிற்றுக்கிழமை அவன் ஏமாந்து அழுவான். பெங்களூர்ப் பாட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று என் பெயரைச் சொல். என்னைத் திட்டிக்கொண்டே அழட்டும், கரையில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழட்டும். அழுவதற்கு அவன் இருக்க வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதினேன்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் இன்னும் தணியாத அம்மா,
கோமளம் சுப்ரமணியன்